இலைச் சாக்கில் கரைந்த மாத்திரை

மற்ற எந்த வேலையிலும் செய்தது கண்ணுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் ஒன்றும் நடக்காமல் இருந்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைத் தேவைப்படுகிறவர்கள் கையில் சேர்த்து, விடாமல் போட வைக்கிற களப்பணி. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும். என்னைப் போலக் களப்பணிக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிற உங்களுக்கும் அப்படித்தானே?

ஒளித்த இடம்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். செல்வி என்று வைத்துக்கொள்வோம். புருஷனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து அப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருந்தது. அவன் இரத்தத்தில் கிருமி அடங்கும்வரை இவள் தினமும் தடுப்பு மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எங்கள் திட்டத்தில் இலவசம். ஆனால் மகனுக்கு நோய் என்பதே மாமியாருக்குத் தெரியாது; அவள் கண்ணில் படாமல் மாத்திரையை வைக்க, அந்த ஒற்றை அறை வீட்டில் இடமில்லை.

ஒருத்தியின் பீடி இலையில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள். இலை குறைந்தால் சண்டை. அதனால் செல்வி மாத்திரையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி இலைச் சாக்கில் செருகிவிட்டாள். காலையில் பழக்கத்தில் இலை பதமாகட்டும் என்று தண்ணீரும் தெளித்துவிட்டாள். மாத்திரை கூழாகிவிட்டது. "ஏளா, புத்தியிருக்கா ஒனக்கு?" என்று கத்தினேன். "அத்தை கை படாத இடம் இந்த வீட்டுல அது ஒண்ணுதான்க்கா" என்றாள்.

தட்டு தூக்கியவள்

இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்ன அன்றைக்குத்தான் கடையில் பீடி ஒப்படைக்கும் நாள். தவறினால் அடுத்த முறை இலையும் புகையிலைத் தூளும் கிடைக்காது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள் செல்வி. "நீ போ, இதை நான் பாத்துக்கிடுதேன்" என்று பீடித் தட்டை வாங்கிக்கொண்டேன். கடையில் தரம் பார்க்கிற அண்ணாச்சி சரியில்லை என்று பீடிகளை ஒடித்து ஒடித்துப் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, சண்டை பிடித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சுத்துனவளே வாயத் தொறக்க மாட்டா. நீங்க யாரும்மா?"

மாமியார்

ஒருநாள் மாத்திரை மாமியாரிடம் அகப்பட்டுவிட்டது. பிள்ளை உண்டாகாமல் இருக்கத்தான் மருமகள் அதைப் போடுகிறாள் என்று நினைத்து, தெருவே கேட்கக் கூப்பாடு போட்டாள். உண்மையைச் சொன்னால் புருஷன் மாட்டுவான் என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேதி கேட்டு நான் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய சங்கதி இல்லையே.

கடைசியில் புருஷனே கதவைச் சாத்திவிட்டுத் தாயிடம் சொன்னான். செல்வியை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாளோ என்று பயந்தேன். அந்தம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "இவளுக்கும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "இல்ல, வராம இருக்கத்தான் இந்த மாத்திரை" என்றேன். மடியில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து, செம்பில் தண்ணீரோடு மருமகளிடம் நீட்டினாள்: "ஏளா, மொதல்ல இதை முழுங்கு. பீடி எங்கனயும் ஓடிப்போவாது."

பிறகு அவனுக்குக் கிருமியும் அடங்கி, செல்விக்கு ஒன்றும் இல்லை என்று முடிவும் வந்துவிட்டது. அவள் உண்மைப் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் பெருமையடிக்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற குறை.