நான் சேர்த்த பேய்

மூடுபனிக்குள் கறுப்புக் குதிரைவண்டி வந்து நிற்கும். வாசலில் மெழுகுவர்த்தியோடு வேலைக்காரி. மாடியில் ஒரு கதவு மட்டும் எப்போதும் பூட்டியிருக்கும். விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரப் பேய்ப் படம் எது வந்தாலும் இன்றைக்கும் நான் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். வெட்கங்கெட்டவளே என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் பார்ப்பேன்.

இந்தப் பைத்தியம் தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிடித்தது. லயத்துக்கே ஒரு டிவி, கங்காணி வீட்டில், லொறி பேட்டரியில் ஓடும். ஞாயிற்றுக்கிழமை பகலில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அடியில் சிங்கள எழுத்து ஓடும். எங்கள் ஆட்கள் கடையிலும் பஸ்ஸிலும் சிங்களத்தில் வெளுத்துவாங்குவார்கள், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அதனால் டிவிக்குப் பக்கத்தில் பலகை போட்டு என்னை உட்காரவைப்பார்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்ல, முப்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பதினைந்து வயதில் அந்த மவுசு தலைக்கேறாமல் என்ன செய்யும்.

அக்கா அப்போது ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு வந்த படத்தில் மலைமேல் ஒரு பெரிய வீடு, எங்கள் துரை பங்களா மாதிரியே. புதுப் பெண்டாட்டி நாளுக்கு நாள் வெளுத்து மெலிகிறாள். கைக்குட்டையில் ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது எழுத்தில் தெளிவாக ஓடியது: நெஞ்சில் நோய், உடனே பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள். அட, இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்றாகிவிட்டது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போன மூத்த பொண்டாட்டி இவ நெஞ்சுல ஏறி உக்காந்து ரத்தம் குடிக்கிறாளாம். மருந்தெல்லாம் வேலைக்காவாதுன்னு டாக்டரே சொல்றாரு," என்று அடித்துவிட்டேன்.

பெண்கள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "வெள்ளக்கார டாக்டரே கைய விரிச்சுட்டான், பாத்தியா? நம்ம புள்ளைக்கும் அதேதான். பால் வெட்டப் போன எடத்துல பயந்திருக்கா."

அம்மாவும் தலையாட்டினாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் அந்தப் பலகை போய்விடும்.

கோடாங்கி வந்தார். மூன்று மாதம் உடுக்கு, சாம்பல், வேப்பிலை அடி. முடியைப் பிடித்து உலுக்கி, "நீ யாரு, சொல்லு," என்று அவர் கேட்கும்போதெல்லாம் அக்கா இருமுவாள். பேய் பதில் சொல்லுது என்றார்கள். கடைசியில் ரப்பர் மரத்தடியில், பால் வாளிக்குப் பக்கத்தில் ரத்தம் கக்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டீபி என்றார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார்.

வார்டில் ஒரு டிவி இருந்தது. ஒரு திங்கட்கிழமை நான் போனபோது அக்கா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"நேத்து நம்ம படத்த மறுபடியும் போட்டாங்க," என்றாள். "பக்கத்துக் கட்டில் சிங்கள நோனா எழுத்த சத்தமா வாசிச்சா. அதுல பேயே இல்லயாமே."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழுவாத," என்றாள். இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. "நீ சொன்ன கததான் நல்லா இருந்துச்சு. அப்பாகிட்ட சொல்லிறாத, அடிச்சே கொன்னுருவாரு."

அதிலிருந்து பதினோராம் நாள் அக்கா செத்துப்போனாள். டீபியெல்லாம் சும்மா, பேய் அடித்த பிள்ளை என்றுதான் அப்பா சாகும்வரை எல்லாரிடமும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.