ராசுவின் ஐந்தாவது வக்கீல்

காசில்லாத கைதிகளுக்கு அரசாங்கச் சம்பளத்தில் வாதாடுகிற வக்கீலுக்குச் சட்டப் புத்தகத்தைவிட முக்கியம், கோர்ட்டுக்குக் கோர்ட் ஓடத் தெம்புள்ள கால். ஒருத்தர் வேலையை விட்டுப் போனால் அவர் பாரமும் மிச்சமிருப்பவர் தலையில்தான் விழும். உங்கள் ஆபீஸிலும் இதே கூத்துதானே? என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பீரோ

மதுரையில் நான் வேலையில் சேர்ந்த அன்றே, எனக்கு முந்தி இருந்த வக்கீல் தம்பி கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் போயிருந்தார்கள். ஒருத்தரும் ஒரு வருஷம் தாங்கவில்லை. பீரோவைத் திறந்தார், வழக்குக் கட்டுகள் சரிந்து என் காலில் விழுந்தன. "எதுஎது என்ன நிலவரம்னு உட்கார்ந்து சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன். எரிச்சல்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை, அவ்வளவு அசந்துபோயிருந்தார்.

"எல்லாம் கட்டுக்குள்ள இருக்கும்க்கா. அதுல இல்லாதது எனக்கும் தெரியாது."

எம்புட்டு நேரம்?

ராசு திருவாதவூர்க்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர். ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டாரைத் திருடியதாக வழக்கு. ஜாமீன் கிடைத்தும், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் ஜெயிலிலேயே கிடந்தார். விடுதலையாகி வந்தால் வேலை உண்டு, திருடன் என்று தீர்ப்பானால் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஜெயிலிலிருந்து காணொலியில் பேசினார். அந்நேரம் பக்கத்துக் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சீக்கிரம் சொல்லுங்க" என்று சிடுசிடுத்தேன். மனுஷன் கோபமே படவில்லை.

"மொத வக்கீல்கிட்ட முழுசாச் சொன்னேன். அடுத்தடுத்து வந்தவுகளுக்குக் கொறச்சுக்கிட்டே வந்தேன். உங்களுக்கு எம்புட்டு நேரம் இருக்குன்னு சொல்லுங்க வக்கீலம்மா, அதுக்குத் தக்கன சொல்றேன்."

நான் சொன்ன யோசனை

ரெண்டு நிமிஷம் கொடுத்தேன். "நான் எடுக்கலை" என்பதோடு அவர் கதை நின்றது. அப்புறம் அவர் வழக்கு வந்த நாளெல்லாம் நான் வேறு கோர்ட்டில். வாய்தா மேல் வாய்தா.

கடைசியில் போலீஸ் காவலோடு அவரைக் கூட்டி வந்த ஒரு நாள், கோர்ட் வாசலில் வைத்து நான்தான் சொன்னேன்: "ஒத்துக்கிட்டா, உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாக் கழிச்சு இன்னைக்கே விட்டுருவாங்க. நடத்தினா எத்தனை மாசமோ. நம்ம பக்கம் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை." அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு கட்டு குறையுமே என்ற நினைப்பும் இருந்தது, மறைப்பானேன். ராசு தன் மனைவி செல்வியைப் பார்த்தார். பரவை மார்க்கெட்டில் காய்கறி தரம் பிரிக்கிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருந்த செல்வி, அழுதுகொண்டே சொன்னார்.

"வேலை போனாப் போகுது. நீங்க வீட்டுக்கு வாங்க, புள்ளைக கேக்குதுக."

ஒரு சீட்டு

ராசு ஒத்துக்கொண்டார். அன்றே வெளியே வந்தார், வேலையும் போனது. ரெண்டு வாரம் கழித்து, போலீஸ் எடுத்துவைத்த செல்போனைத் திருப்பி வாங்க வழி கேட்டுச் செல்வி வந்தார். ஆதார் கார்டைத் தேடிப் பிளாஸ்டிக் பையை என் மேஜையில் கொட்டினார். அதில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்று. தேதியைப் பார்த்தேன். மோட்டார் காணாமல் போன அன்று ராசு காய்ச்சலில் வார்டில் படுத்துக் கிடந்திருக்கிறார்.

தானே ஒத்துக்கொண்ட குற்றத்தை இல்லையென்று சொல்லி இனி அப்பீல் போக முடியாது. ஹைகோர்ட்டில் மனுப் போட்டுக் கெஞ்சிப் பார்க்கலாம், அவ்வளவுதான். "இதை ஏம்மா அன்னைக்கே காட்டலை?" என்று கத்திவிட்டேன். யாரைப் பார்த்துக் கத்துகிறேன், பாவி நான்!

"மொத வக்கீல்கிட்டயே நகல் குடுத்தோமே வக்கீலம்மா. கட்டுல இருக்கும், நீங்க பாத்திருப்பீக, காகிதம் இல்லைன்னதும் அது செல்லாது போலன்னு நெனச்சோம்."

அந்த மாத அறிக்கையில் ராசு வழக்கையும் 'முடிந்தது' என்று சேர்த்து எழுதினேன், அதிக வழக்கு முடித்தவள் என்று கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.