அக்காவைக் காப்பாற்றியவள்

என் அக்காவைக் கடலுக்குள் மிதித்து, அவள் தோள்மீது ஏறி உயிர் பிழைத்தவள் நான்.

எங்கள் தேவாலயப் பங்கில் யாரைக் கேட்டாலும் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். "ஸ்டெல்லாவ அந்தமான் கடல்லருந்து காப்பாத்துனதே அவ தங்கச்சி அமலா டீச்சர்தான்" என்பார்கள். சாந்தோமிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் வரை இந்தக் கதை நடந்து போயிருக்கிறது. நீங்களும் கேள்விப்பட்டால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த அமலா டீச்சர்தான் சொல்கிறேன்... நம்பாதீர்கள்!

நான் கணக்கு ஆசிரியை. பொய் சொல்லும் பிள்ளையைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று எனக்குப் பள்ளியில் பெயர் உண்டு. என் கண்ணை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பத்தார் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அன்பியம் என்று அதற்குப் பெயர். மூன்று ஆண்டுகளுக்கு முன், நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்குவதற்குள் எல்லோரும் எங்காவது போய்வரலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. வழக்கம்போல வேளாங்கண்ணி என்றார்கள். நான்தான் அந்தமான் என்றேன். படகில் ஒரு தீவுக்குக் கூட்டிப்போய், முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்து, தண்ணீருக்குள் பவளப்பாறையையும் மீன்களையும் காட்டுவார்கள். மதியம் கடற்கரையில் விட்டுவிட்டு மாலையில் திருப்பிக் கொண்டுவருவார்கள். கைபேசியில் பார்த்து மயங்கியிருந்தேன்.

அக்காவுக்குக் கொஞ்சமும் விருப்பம் இல்லை. "எனக்கு எதுக்குடி இந்த வயசுல அந்தமான் மீனு? காசிமேட்டு மீனே போதும்" என்றாள். நான் விடவில்லை. அவள் பெயரையும் நானே எழுதிக் கொடுத்தேன். ஆம், அவளைத் தண்ணீருக்குக் கொண்டுபோனதும் நான்தான்.

படகில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியின் பெயர் செல்வம். நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு தலைமுறைக்கு முன்பே ராமநாதபுரத்திலிருந்து அங்கே குடியேறிய குடும்பமாம். தமிழ் முகம் கண்ட சந்தோஷத்தில் எல்லோரையும் அம்மா, ஐயா என்று விழுந்து விழுந்து கவனித்தார்.

"வளையத்த மட்டும் பிடிங்கம்மா. பயமா இருந்தா கையத் தூக்குங்க, நான் பக்கத்துலயேதான் இருப்பேன். ஒருத்தர ஒருத்தர் மட்டும் பிடிச்சிராதீங்க. அதுதான் ரொம்ப முக்கியம்" என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? திரும்பி உட்கார்ந்து, பவளப்பாறை எப்படி உருவாகிறது என்று பின்னால் இருந்தவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் பேசுகிற பிள்ளையை எழுப்பி நிறுத்துகிறவள்!

இரண்டிரண்டு பேராக இறங்கினோம். என் முறை வந்தபோது என்னோடு அக்கா. இருவருக்கும் லைஃப் ஜாக்கெட். ஆளுக்கு ஒரு பக்கம் ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டோம். செல்வம் அதன் கயிற்றைப் பிடித்து முன்னால் நீந்தினார்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது; அதை ஏன் மறைக்க வேண்டும்? பள்ளிக்கூட டை போல மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட மீன்கள் எங்கள் மூக்குக்குக் கீழே போயின. வரமாட்டேன் என்று அடம்பிடித்த அக்கா, குழாய்க்குள்ளிருந்தே ஏதோ கத்தி, என் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

பிறகு பாறை முடிந்தது. எனக்குக் கீழே திடீரென்று ஒன்றுமே இல்லை. கருநீலம்... வெறும் கருநீலம். அடியே தெரியவில்லை.

மூச்சு இழுத்தேன்; வாய்க்குள் உப்புத் தண்ணீர் வந்தது. கையைத் தூக்கியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது, நான்தான் கேட்கவே இல்லையே! வளையத்தை விட்டேன். அக்காவின் கொண்டையைப் பிடித்தேன். அவள் தோள்மேல் முழங்காலை வைத்து ஏறினேன். அவளுடைய லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தள்ளத் தள்ள, நான் கீழே அழுத்தினேன்.

இதுவரை நடந்ததற்கு மன்னிப்பு உண்டு என்று நீங்கள் சொல்லலாம். பயத்தில் யாரும் செய்வதுதான் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கே பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

கீழேயிருந்து ஒரு கை வந்து என் கணுக்காலைப் பிடித்தது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரிந்தது. அவளுடைய கல்யாண மோதிரம் என் எலும்பில் அழுந்தியது. அக்கா என்று தெரிந்தது... தெரிந்தே உதைத்தேன். ஒரு முறை உதைத்தும் பிடி விடவில்லை. மறுமுறை இன்னும் பலமாக உதைத்தேன். விட்டுவிட்டது.

செல்வம் கயிற்றை விட்டுவிட்டு எங்களிடம் பாய்ந்து வந்தார். மூழ்கி, அவளைக் கீழிருந்து தாங்கி மேலே தூக்கினார். அதற்குள் படகும் நெருங்கிவிட்டது. நான் ஒரு கையால் படகின் ஏணியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் அக்காவின் கையைப் பிடித்து, "அக்கா! அக்கா!" என்று கதறினேன். படகில் இருந்தவர்கள் கண்டது அந்தக் காட்சியை மட்டும்தான். தங்கை அக்காவை இழுத்து மேலே கொண்டுவருகிறாள். வழிகாட்டியைக் காணோம். பிறகு எங்கிருந்தோ அவர் தலை தண்ணீருக்கு மேலே வருகிறது.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் அவர் பேச்சு அந்த நாள் பேச்சாகிவிடும். அக்கா குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி, கண் திறந்ததும், அவர் செல்வத்தின் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாயா, ஆள வுட்டுட்டு எங்க போன நீ? உசுரு போயிருந்தா நீயா குடுப்ப?"

"சார், நான் விடல சார்... டீச்சரம்மாவக் கேளுங்க" என்றார் செல்வம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அவள் என்னை நம்பிப் பார்த்தாள்... அதுதான் என்னைக் கொல்கிறது. தண்ணீருக்குள் தன்மேல் ஏறி உதைத்தது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கண் எரிந்திருக்கிறது. எதைப் பிடித்தோம் என்பதும் அவளுக்கு நினைவில்லை.

"அவர் கைய விட்டுட்டாரு மாமா" என்றேன்.

இவ்வளவுதான். உதைத்தது தண்ணீருக்குள், மூச்சில்லாமல். இதைச் சொன்னது படகில், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு.

அதன்பின் கடற்கரைக்குப் போனோம். திட்டப்படி இரண்டு மணிநேரம் அங்கே இருக்க வேண்டுமே! மர நிழலில் பாய் விரித்து அக்காவைப் படுக்க வைத்தோம். கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை எல்லோரும் பிரித்தார்கள், நானும் சாப்பிட்டேன். செல்வம் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் இரண்டு இளநீர் வாங்கி வந்தார். ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் பயந்திருப்பீங்க. குடிங்கம்மா" என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, "தண்ணிக்குள்ள எல்லாரும் அப்படித்தாம்மா, அது தப்பில்ல. சாயங்காலம் ஓனர் கேப்பாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றார்.

அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்! பார்த்தும் படகில் அத்தனை பேர் நடுவே என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். நான் தலையாட்டினேன். இளநீரையும் குடித்தேன்.

மாலையில் கரைக்கு வந்ததும் படகின் முதலாளி புகாரை எழுத்தில் கேட்டார். "அமலா, நீயே எழுதிடு. உன் இங்கிலீஷுதான் நல்லா இருக்கும்" என்றார் மாமா. எழுதினேன். இரண்டு பத்தி எழுதினேன். 'கடமை தவறினார்' என்பதற்கு ஆங்கிலத்தில் நல்ல கனமான சொல்லாகப் போட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மறுபடி படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். நிமிர்ந்தபோது செல்வம் கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

சில மாதங்கள் கழித்து, அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்து தந்த தி.நகர் ஆளிடம் பேச்சுவாக்கில் செல்வத்தைப் பற்றி விசாரித்தேன்.

"அவரயா? அப்பவே வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க மேடம். வேற எந்த போட்லயும் சேத்துக்க மாட்றாங்களாம். இப்போ போட் நிக்கிற ஜெட்டில லக்கேஜ் தூக்கிக்கினு கீறாரு" என்றார் அவர்.

"அப்படியா" என்று சொல்லி போனை வைத்தேன். வேறென்ன சொல்ல? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு வாயில் வேறு என்ன சொல் வரும்?

ஊர் திரும்பிய முதல் ஞாயிறே அக்கா நன்றிப் பூசையாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தாள். "உயிர் பிழைத்ததற்கு நன்றியாகவும், உயிர் காத்த தங்கை அமலாவின் நலனுக்காகவும்" என்று கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அன்பியக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று, "நான் ஒண்ணும் செய்யல, எல்லாம் ஆண்டவர் செயல்" என்றேன். என்ன பணிவு என்று மெச்சினார்கள். நானோ ஆண்டவர் தலையிலும் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்!

அக்கா அதற்குப்பின் பெசன்ட் நகர் கடற்கரைக்குக்கூட வருவதில்லை. வந்தாலும் சாலையோரம் நின்றுவிடுவாள். முகத்தில் தண்ணீர் விழுந்தால் மூச்சு முட்டுகிறதாம். அதனால் தலைக்கு ஊற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை. சனிக்கிழமைதோறும் நான் போய் அவளை முக்காலியில் உட்கார வைத்து, நெற்றிக்குமேல் என் கையை அணையாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். மாமா ஊற்றினால் கத்துகிறாள்.

"நீ ஊத்துனா மட்டும் எனக்குப் பயமே இல்லடி" என்கிறாள்.

சொல்லிவிடலாமே என்கிறீர்களா? எத்தனை சனிக்கிழமை குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன் தெரியுமா? சொன்னால் அவள் என்னை மன்னித்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அதன்பின் அவள் தலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? இது அவளுக்காகப் பார்க்கிற இரக்கமா, அல்லது என் பெயருக்காகத் தேடிக்கொண்ட சாக்கா? சாக்குத்தான். எனக்கே தெரிகிறது.

போன வருடம் துணிந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் கோயிலில் சாமியாருக்கு என் குரல் தெரியும். ஆகவே அடையாறு பக்கம், என்னை அறியாத ஒரு கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உதைத்ததை, பொய்யை, கடிதத்தை... அழுதேன். அந்தக் குருவானவர் வயதில் என்னைவிட மிகவும் இளையவர். பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பொய்யால வேலை போனவருக்கு நீங்க நியாயம் செஞ்சாகணும்மா. அவர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா?" என்றார்.

தெரியும். எந்தப் படகுத்துறையில் சுமை தூக்குகிறார் என்று தெரியும். ஒரு போன் போட்டால் அவரிடமே பேசலாம். அந்த முதலாளிக்கு இன்னொரு கடிதம் எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும்.

"தெரியாது ஃபாதர்" என்றேன்.

"சரி, அவருக்காகத் தினமும் ஜெபியுங்க. எப்பவாவது தெரிய வந்தா கட்டாயம் செய்யுங்க" என்று சொல்லி, பாவ மன்னிப்பு வழங்கினார். பொய் சொல்லி வாங்கிய மன்னிப்பு! அது செல்லாது என்று முதல் நற்கருணை வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான்.

பாவம் தீராதவள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக்கூடாது. ஆனால் ஞாயிறு தவறாமல் அக்காவின் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்து போகாவிட்டால் ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, பாவத்தின்மேல் பாவமாக, வாரம் ஒருமுறை போய் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இந்த ஞாயிறும் அக்கா திருப்பலி ஒப்புக்கொடுத்திருந்தாள். வருடா வருடம் செய்வதுதான். மறுபடியும் என் பெயரை வாசித்தார்கள். இன்று போகவே கூடாது என்று இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நற்கருணை வாங்க வரிசைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எங்கள் வரிசையும் எழுந்தது.

"ஏன்டி, முட்டி வலியா? எழுந்திரு, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் அக்கா. என் முழங்கையைத் தாங்கி எழுப்பி, ஒதுங்கி வழிவிட்டாள். "நீ முன்னாடி போ. உனக்காகத்தானே பூசை."

போனேன். எனக்கு முன்னால் நாலு பேர்... மூன்று பேர்... அப்போதுகூட விலகிப் பக்கவாட்டில் நடந்துவிடலாம். விலகவில்லை.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் குருவானவர்.

அக்கா என் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். நான் இரண்டு கைகளையும் நீட்டி, "ஆமென்" என்றேன்.