திசை பார்த்து வாங்கிய வீடு

வங்காளத்து டாக்குரியாவில் முப்பது வருடம் வாடகைக்கு இருந்த எங்களுக்குத் திடீரென்று சொந்த வீட்டு யோகம் அடித்தது. நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை, வீடுகள்தான் இளைத்துவிட்டன. டாலிகஞ்சைத் தாண்டினால் எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டி ஃப்ளாட்டுகள், எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுகிற விலையில். குட்டி என்று வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. விற்கிறவர்கள் முகம் வாடிவிடும். ‘காம்பாக்ட்’ என்று சொல்ல வேண்டும். லிஃப்டிலும் மாடிப்படியிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு என்று அதையும் சேர்த்து அளந்து விற்பார்கள். அங்கே போய்ப் படுக்க முடியாது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் நான், கணவர், என் அப்பா மூன்று பேர். அம்மா போனதிலிருந்து அப்பா எங்களோடுதான். ஆகவே எங்களுக்கு ஒரே நிபந்தனை: அப்பாவுக்குத் தனி அறை வேண்டும். அவர் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். கடலில் ஒரு நாள்கூடப் போனதில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றபோது பித்தளைத் திசைகாட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அதோடுதான் மாதிரி ஃப்ளாட்டைப் பார்க்க வந்தார்.

சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா, வாசல் கிழக்கே பார்க்கிறதா, தன் அறையில் தெற்கே தலை வைத்துப் படுக்க முடியுமா என்று அப்பா ஒவ்வொரு மூலையாக நின்று பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனோம். அதே நேரம் ஒரு வங்காளி மனிதர் மண்டியிட்டு, இன்ச் டேப்பை வைத்துச் சுவர் சுவராக அளந்துகொண்டிருந்தார். திசை தெரியாத ஜனங்கள் என்று நானும் கணவரும் கண்ணாலேயே சிரித்துக்கொண்டோம். காட்டுவதற்காகக் கட்டிய அந்த ஃப்ளாட்டில் எந்த அறைக்கும் கதவே இல்லை. காற்றோட்டமாக இருக்கிறது என்று மெச்சியது நான்தான். அப்பாவின் அறையில் அழகான ஒரு கட்டில் கிடந்தது. அதில் யார் படுக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

“மேஷோமொஷாய், வாஸ்து எப்படி?” என்று விற்பனைப் பெண்மணி மாமா முறை வைத்துக் கேட்டார்.

“நூற்றுக்கு நூறு,” என்றார் அப்பா. அன்றே முன்பணம் கொடுத்தோம்.

குடிபோன அன்று அப்பாவின் தேக்குக் கட்டிலை நான்கு பேர் நான்காம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். தெற்கே தலை வைத்தார்கள், நுழையவில்லை. கிழக்கே திருப்பினார்கள், அப்போதும் நுழையவில்லை. தூக்கியவர்களில் மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஹோபே நா, தீதி,” என்றார். நடக்காதாம். பிறகுதான் கணவர் அவரிடமே டேப்பைக் கடன் வாங்கி அளந்தார். அறை எந்தப் பக்கம் அளந்தாலும் ஆறடிக்குக் குறைவு. அப்பா ஆறடிக்கு மேல். கட்டிலை விடுங்கள், பாயை விரித்தாலும் கால் கதவைத் தாண்டி நிற்கும்.

“ஹால்ல படுத்துக்கலாமே,” என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. ஹாலில் சோபாவைப் போட்ட பிறகு ஃப்ரிட்ஜ் கதவே பாதிதான் திறந்தது.

எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. விற்றவள் மேல், கணவர் மேல், அந்தப் பித்தளைச் சனியன் மேல். என் மேல் மட்டும் வரவில்லை.

அப்பா அந்த அறைக்குள் போய் நின்றார். கையை நீட்டாமலேயே இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் போலிருந்தது. வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்:

“நான் சென்னைக்குத் தம்பி வீட்டுக்கே போயிடறேம்மா. அங்க மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு.”

நாற்பத்தைந்து வருடம் இந்த ஊரில் இருந்தவர். சென்னையில் என் தம்பியைத் தவிர அவருக்கு ஒரு மனிதரைத் தெரியாது. போகாதீங்கப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற அவசரத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“எப்பப்பா டிக்கெட் போடணும்?”

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“அடுத்த வாரமே போடு,” என்றார். “லோயர் பெர்த்தாப் பாரு.”