மைக்குக்கு முன்னால் இடி

நாடகக் கம்பெனியில் அவருக்கு 'இடி' என்றுதான் பெயர். காதோடு காதாகச் சொல்லும் ரகசியம்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று இருபது வருஷம் கத்தியே பேர் வாங்கியவர். பேசும் படம் வந்ததும் அதில் நடிக்கக் கம்பெனி முதலாளியோடு சண்டை போட்டு விலகினார். இனித் திரும்பிப் போக வழியில்லை.

முதல் நாளே வந்தது வினை. சாகக் கிடக்கும் தகப்பன் மகளிடம் ரகசியம் சொல்லும் காட்சி. கட்டிலருகே பூ ஜாடிக்குள் மைக்கை ஒளித்து வைத்திருந்தார்கள். இடி வாயைத் திறந்ததுதான் தாமதம், கண்ணாடி அறைக்குள்ளிருந்த ஒலிப்பதிவாளர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். மூன்று முறையும் இதே கூத்து.

"சாகப் போறவர் ஊரையே எழுப்பி விட்டுட்டுப் போவாரா?" என்றார் டைரக்டர். "வீட்டுல சம்சாரத்துகிட்ட பேசுற மாதிரி பேசுங்க."

"அவளுக்குக் காது மந்தம் சார். வீட்டுலயும் இப்படித்தான்."

யாரும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே தடவை. வரலைன்னா நாளைக்கு வேற ஆளு," என்றார் படமுதலாளி.

சாப்பாடு கொண்டுவந்து ஓரமாக நின்ற மனைவி, முதலாளியின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு அருகில் வந்தாள்.

"எங்கிட்ட மெதுவாச் சொல்லுங்க. வாயசைஞ்சாலே எனக்குப் புரியும்."

"அப்ப இத்தனை வருஷம் நான் கத்தினது?"

"கத்துறதுல உங்களுக்கு ஒரு சந்தோஷம். அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவருக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாகப் பொங்கின. கோபப்பட நேரமில்லை. அவள் கேமராவில் படாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் அவள் கண்களுக்காக மட்டும் பேசினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை; நிறுத்தாமல் பேசி முடித்தார். கண்ணாடி அறைக் கதவு திறக்கவே இல்லை. கடைசியில் ஒலிப்பதிவாளர் உள்ளிருந்தபடியே தலையாட்டினார்.

படம் வந்தது. மனைவியை அழைத்துப் போனார். அந்தக் காட்சியில் திரை முழுக்க மகளின் முகம்; இவர் குரல் மட்டும். சுற்றிலும் மூக்கை உறிஞ்சினார்கள். இவர் வாய் தெரியாததால் அன்றைய பேச்சில் எது ஓடுகிறது என்று புரியாமல் அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க சொல்றீங்க அங்க?"

இருட்டில் அவர் வாயும் அவளுக்குத் தெரியாது. இடி ஒரு கணம் தவித்தார். பிறகு துணிந்து தொண்டையைத் திறந்தார்.

"உன்னைப் பெத்தவன் நான் இல்லைம்மா, வளர்த்தவன்."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவளோ யாரையும் கவனிக்காமல், "அட பாவமே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.