அண்ணனின் முழங்கால்

தி. நகரில் எங்கள் அப்பாவுக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. புடவை எடுக்க வருகிறவர்கள் தரையில் விரித்த வெள்ளை மெத்தையில் உட்காருவார்கள். விற்கிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்துப் போட வேண்டும். அண்ணன் அதில் மன்னன். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டான். அப்பாவுக்குப் பிறகு கடை அவனுக்குத்தான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், கே.கே. நகரில் உறவினர் வீட்டுப் புதுமனை விருந்தில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு. நானும் சுருண்டு கிடந்தேன். ஒரு வாரத்தில் எல்லோரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அதன் பிறகு அண்ணனுக்கு மட்டும் இடது முழங்கால் வீங்கியது. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கண்கள் ரத்தமாகச் சிவந்தன. வாயு என்று சொல்லி உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். உருளைக்கிழங்கு பாவம், அது யாரை என்ன செய்தது?

கடைசியில் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அண்ணனைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“உங்க குடும்பத்துல யாருக்காவது முதுகு விறைச்சுப் போயிருக்காம்மா? குனிய முடியாம, அடிக்கடி கண்ணும் சிவந்துண்டு?”

அம்மாவின் கடைசித் தம்பிக்கு அப்படியே இருந்தது. கூப்பிட்டால் மாமாவுக்குக் கழுத்து திரும்பாது, ஆளே திரும்புவார். மூட்டை சுமந்த முதுகு என்று வீட்டில் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள்.

“அப்படி யாரும் இல்லீங்க” என்றாள் அம்மா.

வெளியே வந்ததும் நான், “மாமாவச் சொல்லிருக்கலாம்லா?” என்று கேட்டேன்.

“ஏட்டி, வாய மூடு. ரத்தத்துல சீக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு கல்யாணம் நடக்குமா?”

அந்த மாமாவுக்குத்தான் என்னைக் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. அக்கா மகள்மேல் தம்பிக்கு உரிமை. எங்களில் அதற்கு மேல் பேச்சில்லை.

குடும்பத்தில் ஒன்றுமில்லை என்றதால் டாக்டர் மூட்டுக் காசநோய் என்று சந்தேகப்பட்டு, முழங்காலை அசைக்கவே கூடாதென்று மாவுக்கட்டுப் போட்டார். அண்ணன் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தான். கட்டைப் பிரித்தபோது கால் சூம்பிப் போயிருந்தது, முழங்கால் மடங்கவில்லை. அன்றைக்கு அவனைத் தாங்கிப் பிடிக்க மாமாதான் வந்திருந்தார். டாக்டர் ஏதோ கேட்க, மாமா வழக்கம்போல உடம்போடு திரும்பினார். டாக்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “கொஞ்சம் குனியுங்கோ” என்றார். மாமாவின் கை முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

“இவர் யாரும்மா?”

“என் தம்பி” என்றாள் அம்மா. வேறென்ன சொல்ல முடியும்?

“அந்தக் கிருமி உங்க எல்லார் வயித்துக்கும்தான் போயிருக்கு. இவன் உடம்பு பிறவியிலேயே வேற மாதிரி, உங்க தம்பிக்கும் அதே வாகுதான். கிருமி போனப்புறமும் மூட்டோட சண்டை போட்டுண்டே இருக்கு. அன்னிக்கே சொல்லியிருந்தா நான் காலைக் கட்டியே இருக்க மாட்டேன்.”

அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை முழுதாக வரவில்லை.

அண்ணனை மெத்தையிலிருந்து எழுப்பி, நின்றபடி ரவிக்கைத் துணி கிழிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். கடை எங்கள் தம்பி பெயருக்குப் போனது. கல்யாணம் மட்டும் நிற்கவில்லை, பத்திரிகை அடித்தாகிவிட்டதாம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பையன் பிறந்தான். காது குத்துகிறபோது தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். அண்ணனால் மணையில் உட்கார முடியாது என்று நாற்காலி போட்டார்கள். அவன் காலை நீட்டிக்கொண்டு பிள்ளையை ஏந்தியதும், சுற்றி நின்ற பெண்களுக்கு ஒரே சந்தோஷம். “அப்படியே மாமன உரிச்சு வச்சிருக்கான்!” என்றார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. பிள்ளையின் இடது முழங்காலைப் பிடித்து மெல்ல மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிப் பார்த்தான்.

“மூஞ்சி போதும்யா மருமவனே” என்றான். “வேற எதுவும் என்கிட்டருந்து எடுத்துக்காத.”