"தள்ளி நில்" என்று ஒரு ஸ்டிக்கர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வராணி அக்காவை இன்று பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். விறகுக்குப் போன பாதையில், காட்டுப்பன்றிக்காக யாரோ மறைத்துக் கட்டியிருந்த துவக்கு, அதன் கம்பியில் கால் இடறியதும் வெடித்து, ஒரு காலை இழந்தவர்.

திரும்பி வர நிறுத்திய ஆட்டோவின் பின்கண்ணாடியில் பெரிய துவக்குப் படம். கீழே "தள்ளி நில்".

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என்னத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"பன்னி சுட லைசன்ஸ் துவக்கு வச்சிருக்கேங்க. ஒரு கெத்துக்குத்தான்" என்று டிரைவர் சிரித்தார்.

அக்கா ஊன்றுகோலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இத அந்தப் பாதையில ஒட்டியிருந்தா, நான் தள்ளி நின்னிருப்பேன் தம்பி."

அதோடு சிரிப்பு நின்றது.

துவக்குக் கட்டிய பாதையில் இதே கெத்தோடு ஒரு போர்டு வைத்தவர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நேரில் வந்து கும்பிடுகிறேன்.